பழைய லேப்டாப்புக்கு உபுண்டு மட்டும்தானா? சிஸ்டம்டி இல்லாத பக்கமும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னுபோச்சு, பழைய கம்ப்யூட்டர காயலாங்கடைக்குப் போடாதீங்க, லினக்ஸ் போட்டு ஓட்டுங்கன்னு அரைப்பக்கத்துக்கு வந்திருந்துச்சு. தமிழ்ப் பேப்பர்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டதும், விண்டோஸ் 11 ஏத்தணும்னா டிபிஎம் 2.0 சிப்பும் புது ப்ராசசரும் வேணும்ங்கறதும் சரியாவே எழுதியிருந்தீங்க. ஆனா கடைசியில சிபாரிசு பண்ணது ரெண்டே ரெண்டு லினக்ஸ், உபுண்டு, மின்ட். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கறவங்களுக்கு அது போதும், நானே அதைத்தான் போட்டுக் குடுப்பேன். 2 ஜிபி ரேம், சுத்துற ஹார்ட் டிஸ்க்குனு இருக்கற மெஷின்ல உபுண்டுவ ஏத்துனா மனுஷன் மெனு தெறக்கறதுக்கே காத்துக் கெடப்பாரு, ரெண்டு நாள்ல லினக்ஸே இப்படித்தான் போலன்னு முடிவு கட்டி லேப்டாப்ப பரண்ல போட்டுருவாரு. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கே 4 ஜிபி ரேமாவது வேணும்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அந்த ஒரு வரி உங்க கட்டுரையில இல்ல.

நான் திண்டுக்கல்ல பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கறவன். கடைக்கு வர்றதுல நெறைய 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல குடுத்த மெஷினுங்க, பையன் பிளஸ் டூ படிக்கறப்ப வாங்கினது, இப்ப அவன் கல்யாணம் ஆகி புள்ள வச்சிருப்பான், லேப்டாப் அம்மா வீட்ல பீரோ மேல கெடக்கும். அந்த மெஷின்லயே விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க ஞாபகம் இருக்கா, மத்திய அரசோட சிடாக் நிறுவனம் பண்ணது, டெபியன்ங்கற லினக்ஸ் மேல கட்டினது, முக்காவாசிப் பேரு அதைத் தெறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க. அந்த மெஷினுங்களுக்கு இன்னைக்கு உயிர் குடுக்கற லினக்ஸ்னு நான் தேடிப் போறதையெல்லாம் எடுத்துப் பாத்தா ஒரு ஒத்துமை இருக்கு, பெரும்பாலும் சிஸ்டம்டிங்கற ஸ்டார்ட்டப் புரோகிராம் இல்லாத கும்பல்தான். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும், வெட்டாம போட்டா சந்தோஷம்.

கம்ப்யூட்டர ஆன் பண்ணதும் லினக்ஸோட அடிப்படையான கெர்னல் ஏறி முடிச்சு மொதல்ல ஒரே ஒரு புரோகிராம கிளப்பி விடும், அதுக்கு நம்பர் 1. நெட்வொர்க், சவுண்டு, பிரிண்டர், லாகின் ஸ்கிரீன்னு மத்த எல்லாத்தையும் அதுதான் எழுப்பணும், ஷட்டவுன் பண்றப்ப வரிசையா நிறுத்தணும். இதுக்குப் பேருதான் இனிட். யூனிக்ஸ் காலத்துலருந்து வந்த சிஸ்விஇனிட் இந்த வேலைய ஷெல் ஸ்கிரிப்ட வச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணா பண்ணுச்சு, மெதுவா இருந்துச்சு, ஒரு சர்வீஸ் நடுவுல விழுந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. 2010ல லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டிய கொண்டு வந்தாங்க. எல்லாத்தையும் ஒரே சமயத்துல கிளப்பறது, விழுந்தத தூக்கி நிறுத்தறது, எந்த ப்ராசஸ் எந்த சர்வீஸோடதுன்னு கெர்னல்ல இருக்கற சிகுரூப்ங்கற வசதிய வச்சு கரெக்டா பிடிச்சுக்கறது, இதெல்லாம் நெஜமாவே நல்ல வேலை, இதை ஒத்துக்காம திட்டறவங்ககூட எனக்கு ஒத்துவராது. லினக்ஸ் வகைங்கள்ல 2011ல ஃபெடோரா 15 எடுத்துக்கிச்சு, அடுத்த வருஷம் ஆர்ச், 2014ல ரெட் ஹேட் 7, 2015ல டெபியன் 8, உபுண்டு 15.04 எல்லாம் வரிசையா மாறிடுச்சு.

அப்ப சண்டை எதுக்குன்னா, கல்யாணத்துக்கு வாசல்ல நின்னு வரவேற்க கூப்பிட்ட ஆளு, சமையலும் நானே பாத்துக்கறேன், லைட்டும் மைக்கும் நானே, மொய் நோட்டும் நானே எழுதறேன்னு ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டா எப்படி இருக்கும், அது மாதிரி ஆயிடுச்சு. லாக் எழுதறதுக்கு ஜர்னல்டி, லாகினுக்கு லாகின்டி, டிஎன்எஸ்க்கு ரிசால்வ்டி, நெட்வொர்க்குக்கு, டைமுக்கு, ஹோம் ஃபோல்டருக்குக்கூட ஒண்ணு. எல்லாத்தையும் போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல, இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கறதால தனியா உருவி எடுக்கறது கஷ்டம். டெபியன்ல 2014 பிப்ரவரியில டெக்னிக்கல் கமிட்டி ஓட்டு போட்டப்ப சரிபாதியா பிரிஞ்சு, சேர்மனா இருந்த பிடேல் கார்பியோட கேஸ்டிங் ஓட்டுலதான் சிஸ்டம்டி ஜெயிச்சுச்சு, அவ்வளவு இழுபறி. அந்த வருஷமே நவம்பர்ல ஒரு குரூப் பிரிஞ்சு போய் டெவுவான்னு தனியா ஆரம்பிச்சாங்க.

இங்க ஒரு விஷயத்த உடைச்சு சொல்லிடறேன், ஏன்னா யூடியூப்ல நம்ம பசங்க சிஸ்டம்டிய எடுத்தா லேப்டாப் பறக்கும்னு அடிச்சு விடறாங்க. பறக்காது. சிஸ்டம்டியும் அது கூட வர்ற துணை புரோகிராமும் சேந்து எடுக்கற ரேம் சில பத்து எம்பிதான், ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு யூடியூப் டேப் தெறந்தா அது தின்றதுல இது கால்வாசிகூட வராது. உபுண்டு கனமா இருக்கறது க்னோம் டெஸ்க்டாப்பால, ஆப் போடற ஸ்னாப் முறையால, பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கற அப்டேட், இண்டெக்ஸ் சமாச்சாரங்களால. அப்ப சிஸ்டம்டி இல்லாதது ஏன் லேசா இருக்குன்னா, அதை வேணாம்னு எடுத்து வச்சவங்க மத்ததையும் ஒவ்வொண்ணா கேள்வி கேட்டு எடுத்து வச்சிருக்காங்க. அந்த ஆளுங்களோட புத்தி அப்படி. எது தேவையோ அதை மட்டும் ஏத்து, மிச்சத்த விடு. பழைய மெஷின் வச்சிருக்கறவனுக்கு வேண்டியது அந்தப் புத்திதான். இன்னொன்னும் இருக்கு, க்னோம் 49லருந்து சிஸ்டம்டிய இன்னும் கெட்டியா பிடிச்சுக்கிச்சு, ஸ்னாப் ஓடணும்னாலும் சிஸ்டம்டி வேணும், அதனால சிஸ்டம்டி வேணாம்னு போனா இந்த ரெண்டு பாரமும் தானா ஏறாம நின்னுடும்.

ரெண்டு எடத்துல மட்டும் சிஸ்டம்டி எனக்கு நேரா வலி குடுத்திருக்கு. ஒண்ணு ஷட்டவுன். ஏதோ ஒரு சர்வீஸ் நிக்காம அடம் புடிச்சா கருப்பு ஸ்கிரீன்ல சிவப்பு நட்சத்திரம் இப்படியும் அப்படியும் ஓடிக்கிட்டு, ஸ்டாப் ஜாப் ஓடுது, ஒன்றரை நிமிஷம்னு எண்ண ஆரம்பிக்கும். கான்ஃபிக்ல ஒரு வரி மாத்துனா 10 செகண்டா கொறைக்கலாம், எனக்குத் தெரியும். ஸ்கூல் லேப்ல நாலரை மணி பெல் அடிச்சதும் வாட்ச்மேன் மெயின் சுவிட்ச அமுக்கறவருக்குத் தெரியுமா. ரெண்டாவது லாக். ஜர்னல்டி பைனரியா எழுதும், கரண்ட் கட்டாகி மெஷின் பொசுக்குன்னு போனா அடுத்த தடவ ஏறும்போது ஃபைல் ஒழுங்கா மூடல, ஒதுக்கி வச்சுட்டு புதுசு தெறக்கறேன்னு சொல்லும். பேட்டரி செத்த லேப்டாப்புல, நம்ம ஊரு கரண்ட்ல, இது அடிக்கடி நடக்கும். சாதா டெக்ஸ்ட் லாக்கா இருந்தா ஹார்ட் டிஸ்க்க கழட்டி வேற எந்த கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் நோட்பேட் மாதிரி ஒண்ணுல தெறந்து, கடைசி நாலு வரிய பாத்து என்ன கோளாறுன்னு சொல்லிடலாம்.

சரி, இப்ப எது எதுக்குன்னு சொல்றேன்.

2 ஜிபி, அதுக்கும் கீழன்னா கண்ண மூடிக்கிட்டு ஆன்டிஎக்ஸ். கிரீஸ்ல இருக்கற ஒருத்தர் ஆரம்பிச்சது, 2006லருந்து இருக்கு, டெபியன் ஸ்டேபிள் மேல கட்டினது, சிஸ்டம்டி கெடையாது, லாகின்டிக்கு மாத்தா வர்ற ஈலாகின்டியும் கெடையாது. 2023 ஆகஸ்ட்ல வந்த ஆன்டிஎக்ஸ் 23ல சிஸ்விஇனிட் ஒண்ணு, ரன்இட்ங்கற இன்னொரு இனிட் ஒண்ணுன்னு ரெண்டு விதமா ஐஎஸ்ஓ ஃபைல் குடுத்தாங்க, 32 பிட்டும் உண்டு 64 பிட்டும் உண்டு, ஃபுல், பேஸ், கோர், நெட்னு சைஸும் நாலு. அவங்க ரிலீஸுக்கெல்லாம் போராட்டக்காரங்க பேரா வைப்பாங்க, 23க்கு வச்சது முசோலினி ஆளுங்கள எதுத்து நின்ன இத்தாலிக் குழுவோட பேரு. டெஸ்க்டாப்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஐஸ்டபிள்யூஎம்னு ஒரு விண்டோ மேனேஜர், கீழ ஒரு பட்டை, மூலையில காங்கிங்கற குட்டி புரோகிராம் ரேம் எவ்வளவு போகுதுன்னு காட்டிக்கிட்டே இருக்கும். பூட் ஆகி நிக்கும்போது 200 எம்பி சுத்தித்தான் காட்டும், அதைப் பாத்துட்டு கஸ்டமரு நம்பாம என்னையப் பாப்பாரு. பென் டிரைவ்லயே போட்டு ஓட்டலாம், பண்ண மாத்தமெல்லாம் அதுலயே சேவ் ஆகற மாதிரி பெர்சிஸ்டன்ஸ் இருக்கு, ஹார்ட் டிஸ்க் போன மெஷினுக்கு இது பெரிய வரம். கொறைன்னு பாத்தா மூஞ்சிதான். 2005ஆம் வருஷ கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும், மெனுவுக்குள்ள ஒரே வேலைக்கு மூணு புரோகிராம் இருக்கும், வைஃபை கனெக்ட் பண்றதுக்கு கான்மேன்னு ஒண்ணு வரும், அது புது ஆளுக்கு சட்டுன்னு புரியாது. நான் போட்டுக் குடுக்கும்போது டெஸ்க்டாப்புல பிரவுசர், ஃபைல், வைஃபை, ஆஃப், இந்த நாலு ஐகான மட்டும் வச்சுட்டு மிச்சத்த எடுத்துருவேன், அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.

ஆன்டிஎக்ஸோட சொந்தக்காரன்தான் எம்எக்ஸ் லினக்ஸ், மெபிஸ்னு முன்னாடி இருந்த ஒண்ணோட ஆளுங்களும் இவங்களும் சேந்து பண்ணது. பாக்க நல்லா இருக்கும், எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப், டூல்ஸெல்லாம் அருமை, 3, 4 ஜிபி இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான். எம்எக்ஸ் 23ல சிஸ்விஇனிட்லதான் பூட் ஆகும், சிஸ்டம்டியும் உள்ள தூங்கிக்கிட்டு இருக்கும், வேணும்னா பூட் மெனுவுல மாத்திக்கலாம். கொள்கைக்காரங்க இதை சுத்தம்னு ஒத்துக்க மாட்டாங்க. கஸ்டமருக்கு கொள்கையா முக்கியம்.

டெவுவான் பத்தி நம்ம ஆளுங்க தப்பா நெனைக்கறது என்னன்னா அது லேசான லினக்ஸ்னு. அது டெபியன்தான் சார், சிஸ்டம்டிய மட்டும் எடுத்த டெபியன். டெபியனோட பேக்கேஜ அப்படியே வாங்கி, சிஸ்டம்டி ஒட்டிக்கிட்டிருக்கற கொஞ்சத்த மட்டும் மாத்திக் கட்டி குடுக்கறாங்க. 2014ல பிரிஞ்சவங்க முதல் ஸ்டேபிள் கொண்டு வர 2017 மே ஆயிடுச்சு, அப்ப எல்லாரும் இது தேறாதுன்னுதான் சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் டெபியன் பின்னாடியே ஒவ்வொரு ரிலீஸா வந்துக்கிட்டுதான் இருக்கு. டீஃபால்ட்டா போட்டா எக்ஸ்எஃப்சிஈ வரும், நெட்இன்ஸ்டால்ல டெஸ்க்டாப் வேணாம்னு சொல்லிட்டு மேல ஐஸ்டபிள்யூஎம்மோ எல்எக்ஸ்க்யூட்டியோ போட்டா நல்லா லேசாயிடும். டெபியன் தெரிஞ்சவங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. பழைய டெஸ்க்டாப்ப ஆஃபீஸ்ல ஃபைல் சர்வரா மூலையில வச்சு மறந்துடணும்னா நான் இதைத்தான் போடுவேன்.

வாய்ட் லினக்ஸ் எனக்கு சொந்தமா புடிச்சது, என் மேசையில இருக்கறதும் அதுதான். யாரோட கிளையும் கெடையாது, 2008ல நெட்பிஎஸ்டி பக்கம் இருந்த ஹுவான் ரொமேரோ பர்தினெஸ் ஆரம்பிச்சது, பேக்கேஜுக்கு எக்ஸ்பிபிஎஸ், இனிட்டுக்கு ரன்இட். ரன்இட்ட ஒரு தடவ பாத்துட்டா இனிட்ங்கறது இவ்வளவு சின்ன விஷயமான்னு தோணும். ஒரு சர்வீஸ்ங்கறது ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ரன்னுன்னு ஒரு ஸ்கிரிப்ட், பெரும்பாலும் நாலஞ்சு வரி. ஆன் பண்ணணுமா, அந்த ஃபோல்டருக்கு சர்வீஸ் டைரக்டரியில ஒரு லிங்க் போடு, சில செகண்ட்ல தானா கெளம்பிடும். வேணாமா, லிங்க அழி. விழுந்தா தானா மறுபடி எழுந்துக்கும், அதை கவனிக்கறதுக்குனு ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு குட்டி புரோகிராம் உக்காந்திருக்கும். சிஸ்டம்டி தர்றதுல நமக்கு நெஜமா தேவைப்பட்டது இது ஒண்ணுதான், இதை இத்தனூண்டு கோடுல முடிச்சிருக்காங்களேன்னு ஆச்சரியமா இருக்கும். ஆனா வாய்ட் ரோலிங், அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்ல தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவுல ஓட்டறவங்களுக்கு கட்டுப்படி ஆகாது. இன்ஸ்டாலரும் கருப்பு ஸ்கிரீன்ல எழுத்து மெனுதான், பிராட்காம் வைஃபை சிப்பு உள்ள மெஷினா இருந்தா லேன் கேபிள் கையில இல்லாம உக்காராதீங்க. ஆர்ட்டிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆர்ச்ச சிஸ்டம்டி இல்லாம குடுக்கறது, ஓபன்ஆர்சி, ரன்இட், எஸ்6, டினிட்னு இனிட்ல நாலு சாய்ஸ், ஆனா 64 பிட் மட்டும்தான், அதுவும் ரோலிங்தான், பழைய மெஷின் ஆளுங்களுக்கு அதைப் பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆல்பைன்ங்கற லினக்ஸ நெறைய பேரு கேட்டுக்கிட்டு வர்றாங்க, டாக்கர்ங்கற சர்வர் டூல்ல 5 எம்பி, 5 எம்பின்னு கேட்டு கேட்டு. சர்வருக்கு, ரவுட்டர் மாதிரி வேலைக்கு, தங்கம். வீட்டு லேப்டாப்புக்கு வேணாம்னு சொல்லுவேன். அது பெரும்பாலான லினக்ஸ்ல இருக்கற ஜிலிப்சிக்கு பதிலா மசில்னு வேற சி லைப்ரரி வச்சு கட்டினது, வெளியில கம்பெனிக்காரன் பைனரியா குடுக்கற எதுவும் அதுல நேரா ஓடாது. நம்ம ஊரு ஜெராக்ஸ் கடை எல்லாத்துலயும் ஒரு சின்ன வெள்ளை லேசர் பிரிண்டர் இருக்கும் பாருங்க, பேரு சொல்லல, உங்க ஆஃபீஸ்லயும் ஒண்ணு இருக்கும், அதோட லினக்ஸ் டிரைவர் இந்த ஜாதி. அது கம்பெனிக்காரன் எழுதி குடுத்த பைனரி, பின்னாடி ஓடற ஒரு டீமன், அதைக் கிளப்ப பழைய சிஸ்வி ஸ்டைல்ல ஒரு ஸ்கிரிப்ட். ஆல்பைன்ல அது கெளம்பாது. சிஸ்டம்டி உள்ளதுல ஓடும், ஆனா பூட் ஆகும்போது யுஎஸ்பி ரெடியாகறதுக்கு முன்னாடியே எழுந்து அப்படியே நின்னுடும், சர்வீஸ எப்ப, எப்படி கிளப்பணும்னு சிஸ்டம்டிக்கு சொல்ற யூனிட் ஃபைல் ஒண்ணு நாமளே எழுதி சரி பண்ணணும். ஆன்டிஎக்ஸ் சிஸ்விஇனிட்ல அந்த ஸ்கிரிப்ட் எழுதின காலத்து ஏற்பாடே இன்னும் இருக்கறதால பேசாம கெளம்பிடுது. ஜெராக்ஸ் கடைக்கு ஓஎஸ் மாத்தப் போறவங்க பிரிண்டர மொதல்ல டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் விண்டோஸ அழிங்க.

பப்பி லினக்ஸ், 2003ல ஆஸ்திரேலியாவுல பேரி காவ்லர் ஆரம்பிச்சது, முழுசா ரேம்ல ஏறிக்கும், பென் டிரைவ உருவிட்டாக்கூட ஓடும். டிஸ்க் செத்த மெஷின்லருந்து ஃபோட்டோ எடுக்க, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே சிடி போட்டுப் பாக்க, இதுக்கெல்லாம் என் பையில எப்பவும் ஒண்ணு இருக்கும். ஆனா எல்லாமே முழு அதிகாரம் உள்ள ரூட் யூசரா ஓடறதால அதுல பேங்க் வேலை பாக்காதீங்கன்னு சொல்லித்தான் குடுப்பேன். டைனி கோர் 20 எம்பி சொச்சம்தான், விளையாடிப் பாக்க நல்லா இருக்கும். ஸ்லாக்வேர் 1993லருந்து பேட்ரிக் வோல்கர்டிங் நடத்திக்கிட்டு வர்றாரு, சிஸ்டம்டி பக்கமே தலை வைக்கல, 2022ல 15.0 வந்துச்சு, மரியாதைக்குரிய மனுஷன், ஆனா ஒரு பேக்கேஜ் போட்டா அதுக்கு வேண்டிய துணை எல்லாத்தையும் நாமதான் தேடிப் போடணும், கஸ்டமருக்கு குடுக்க முடியாது.

சிஸ்டம்டி இல்லைன்னா பத்திரம்னு ஒரு பேச்சு வரும், 2024 மார்ச்ல எக்ஸ்இஸட் விவகாரம் வந்தப்புறம் இன்னும் அதிகமா. அதை முழுசா சொன்னாதான் நியாயம். எக்ஸ்இஸட்ங்கற கம்ப்ரஷன் லைப்ரரிக்குள்ள பல நாளா திட்டம் போட்டு ஒருத்தன் திருட்டு வாசல் வச்சிருந்தான், ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒருத்தரு, தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு சந்தேகப்பட்டு தோண்டிக் கண்டுபிடிச்சாரு. எஸ்எஸ்ஹெச்சுக்கும் எக்ஸ்இஸட்டுக்கும் நேரடியா எந்த சம்பந்தமும் இல்ல, டெபியன், ஃபெடோரா மாதிரி இடங்கள்ல எஸ்எஸ்ஹெச்ச சிஸ்டம்டி லைப்ரரியோட சேத்துக் கட்டியிருந்தாங்க, அந்த லைப்ரரி எக்ஸ்இஸட்ட உள்ள இழுத்துச்சு, அந்த வழியாத்தான் நுழைய பாத்தான். வாய்ட்லயும் ஆல்பைன்லயும் அந்த வழியே கெடையாது. அதே சமயம் ஆர்ச்ல சிஸ்டம்டி இருக்கு, ஆனா எஸ்எஸ்ஹெச்ச அப்படி ஒட்ட வைக்கல, அதனால அங்கயும் அந்த வழி இல்ல. ஆக சிஸ்டம்டி இருந்ததால வந்த வினைங்கறத விட எதையும் எதோடயும் ஒட்ட வச்சதால வந்த வினைன்னு வச்சுக்கலாம். டெபியன் ஸ்டேபிளுக்கு அது வந்து சேரவும் இல்ல.

இந்தப் பக்கத்துல இருக்கற பயம் வேற. எல்லாமே சின்ன டீம். 2018ல வாய்ட்ட ஆரம்பிச்சவரு தொடர்புலயே இல்லாம போயிட்டாரு, வெப்சைட் டொமைனும் கிட்ஹப் கணக்கும் அவரு கையில, மத்த டெவலப்பருங்க வேற கணக்கு, வேற டொமைன்னு எல்லாத்தையும் புதுசா மாத்தி நகர்த்தினாங்க. அதுக்கப்புறம் நல்லாத்தான் போகுது, ஆனா உபுண்டுவுக்குப் பின்னாடி ஒரு கம்பெனி இருக்கு, இவங்களுக்குப் பின்னாடி ராத்திரி வேலை முடிச்சுட்டு உக்காந்து எழுதற நாலு பேருதான் இருக்காங்க. நூறு கம்ப்யூட்டர் இருக்கற காலேஜ் லேப்ல போடச் சொல்லி என்கிட்ட கேட்டா யோசிச்சுத்தான் பதில் சொல்லுவேன். அதே மாதிரி வேலைக்குப் படிக்கற பசங்களுக்கும் ஒண்ணு, சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ சர்வர் அட்மின் வேலைக்குப் போனா அங்க இருக்கறது ரெட் ஹேட்டோ உபுண்டுவோதான், இன்டர்வியூவுல சிஸ்டம்டியோட கமாண்டான சிஸ்டம்சிடிஎல் கேப்பான், எனக்கு ரன்இட் தெரியும்னு சொன்னா சிரிப்பான். வீட்டு பழைய லேப்டாப்ல எதை வேணா போட்டுக்கங்க, சிஸ்டம்டி யூனிட் ஃபைல் எழுத கண்டிப்பா கத்துக்கங்க.

உங்க கட்டுரையில தமிழ் டைப்பிங் பத்தி ஒரு வார்த்தை இல்லாததும் எனக்கு ஆதங்கம்தான். இந்த லேசான லினக்ஸ்ல போட்ட உடனே சில நேரம் தமிழ் கட்டம் கட்டமா தெரியும், ஃபாண்ட் இருக்காது. டெபியன் வழி வந்தது எல்லாத்துலயும் லோஹித் தமிழோ நோட்டோவோ ஒரு பேக்கேஜா இருக்கு, அதைப் போட்டா முடிஞ்சுது. அடிக்கறதுக்கு ஐபஸ்ஸோ ஃபிசிடிஎக்ஸோ போட்டு கூட எம்17என் போட்டா தமிழ்99, ஃபொனடிக், இன்ஸ்கிரிப்ட், பழைய டைப்ரைட்டர் எல்லாமே அதுக்குள்ள வந்துடும். சின்ன விண்டோ மேனேஜர்ல அது தானா கெளம்பாது, ஸ்டார்ட்டப் ஃபைல்ல ஒரு வரி சேக்கணும், சேக்காம விட்டா நேத்து வரைக்கும் வந்த தமிழ் இன்னைக்கு வரலியேன்னு ஃபோன் வரும். இனிட் எதுவா இருந்தாலும் இதுல வித்தியாசம் கெடையாது.

கடைசியா 32 பிட். உங்க கட்டுரையில 32 பிட் மெஷின்னா மறந்துடுங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. மொதல்ல, உள்ள 32 பிட் விண்டோஸ் இருந்துச்சுங்கறதால ப்ராசசரும் 32ன்னு அர்த்தமில்ல, 2 ஜிபி மெஷினுக்கு அந்தக் காலத்துல 32 பிட் விண்டோஸையே போட்டு வித்தாங்க, லைவ் பென் டிரைவ்ல ஏறி எல்எஸ்சிபியுன்னு அடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும், இலவச லேப்டாப்ல நான் பாத்ததெல்லாம் 64 ஏறக்கூடியதுதான். நெஜமாவே 32 மட்டும்தான்னா ஆட்டம் என்270 போட்ட பழைய குட்டி நெட்புக் மாதிரி மெஷினுங்க. அதுக்கு நெலமை கஷ்டம்தான். குரோம் 2016லயே லினக்ஸ் 32 பிட்ட விட்டுடுச்சு, ஃபயர்ஃபாக்ஸும் 144ஓட நிறுத்திடுச்சு, இப்ப இருக்கறது 140 ஈஎஸ்ஆர்ங்கற நீண்டகால பதிப்பு மட்டும், அதுவும் 2026 வரைக்கும்தான். டெபியன் 13ல 32 பிட் கெர்னலும் இன்ஸ்டாலரும் இல்ல. ஆனா டெபியன் 12க்கு எல்டிஎஸ்ங்கற நீண்டகால சப்போர்ட் 2028 ஜூன் வரைக்கும் இருக்கு, ஆன்டிஎக்ஸ் 23 நிக்கறது அது மேலதான், வாய்ட்டும் ஆல்பைனும் இன்னும் 32 பிட் கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. இன்டர்நெட் பிரவுசர் தவிர மத்த வேலை, பில் போடறது, லெட்டர் அடிக்கறது, பாட்டு கேக்கறது, இதுக்கு அந்த மெஷின் இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும். அதனால அந்த வரிய மட்டும் அடுத்த வாரம் திருத்திப் போடுங்க சார். முடிஞ்சா ரேம் 2 ஜிபின்னா இது, 4 ஜிபின்னா இதுன்னு சின்னதா ஒரு கட்டம் போடுங்க, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கமெல்லாம் லினக்ஸ் குழு வச்சு சும்மாவே சொல்லிக் குடுக்கற பசங்க இருக்காங்க, அவங்களைக் கேட்டாலும் எழுதிக் குடுப்பாங்க.

இப்படிக்கு,
பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கற ஒரு வாசகர்,
திண்டுக்கல்.